பாசிக் கணக்கை எங்கே வைப்பது? மன்னார் வளைகுடா ஆய்வுத் தரவுக்கும் நிரலுக்கும் ஓர் ஒப்பீடு

சென்ற மாதம் ராமேசுவரம் அருகே உள்ள மண்டபம் ஊரில் ஓர் ஆய்வு மாணவி கேட்டார்: "அக்கா, மூன்று வருடமாக எடுத்த பாசிக் கணக்கு என் மடிக்கணினியில் இருக்கிறது. ஆய்வேடு கொடுத்தாயிற்று. இனி இதை எங்கே வைப்பது?" மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாம்பன் பக்கத்துப் பெண்கள் பெயர் சொல்லிப் பிரிக்கும் பாசிகளை, மாதம் தவறாமல் எடைபோட்டு எழுதிய கணக்கு அது. அதே வாரம் ராமநாதபுரத்திலிருந்து ஒரு தம்பி எழுதினார். பவளப்பாறைப் படத்தில் உயிருள்ள பரப்பு எவ்வளவு என்று அளக்கும் கணினி நிரல் ஒன்றை அவர் செய்திருக்கிறார். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றினால் போதுமா என்பது அவர் கேள்வி. தேவிபட்டினம் பக்கம் கரை ஒதுங்கும் ஆமைகளைப் பதிவு செய்துவரும் தன்னார்வலர்களுக்கும் ஏறக்குறைய இதே குழப்பம்.

மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இதில் அக்கறை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆய்வு தொடங்கியபோது குருசடைத் தீவுக்கு அருகே இருந்த கடற்புல் பற்றிய பழைய கணக்கு ஒன்று தேவைப்பட்டது. அச்சான கட்டுரையின் அடியில் "தரவு கேட்டால் தரப்படும்" என்று இருந்தது. கேட்டேன்; மின்னஞ்சல் திரும்பி வந்தது. எட்டு மாதம் விசாரித்த பிறகு ஓர் அலமாரியில் குறுந்தகடு கிடைத்தது. நல்லவேளை, அது திறந்தது. ஆனால் வட்டாரப் பெயர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்ததால் திரையில் ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் கொட்டிக் கிடந்தன. அதையும் யூனிகோடுக்கு மாற்றி எடுத்தோம். "இடம் 3" என்ற தலைப்பின் கீழ் இருந்த எண்கள் எந்த இடத்தைச் சேர்ந்தவை என்று சொல்லத்தான் ஆளில்லை. எழுதியவர் காலமாகிவிட்டார். அவர் எத்தனை நாள் வெயிலிலும் உப்பு நீரிலும் கிடந்து எடுத்த கணக்கோ, இன்றுவரை யாருக்கும் பயன்படாமல் இருக்கிறது.

எங்கும் இதே கதைதான். தாவர, விலங்கு உடல் அளவுகளைப் பயன்படுத்திய 516 கட்டுரைகளின் தரவைக் கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. கட்டுரைக்கு ஒரு வயது கூடும்போதெல்லாம் தரவு கிடைப்பதற்கான வாய்ப்பு விகிதம் 17 விழுக்காடு குறைந்துகொண்டே போனதாக அது கண்டது. நம் கரையில் இந்த இழப்பு இன்னும் கனமானது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெப்பம் தாங்காமல் வெளிறின. 2015-இல் ஒரு பாறையில் எவ்வளவு உயிருடன் இருந்தது என்பதை இன்று போய் எண்ணிவர முடியாது. அன்று எண்ணியவரின் தாள் கிடைத்தால் உண்டு.

## எதை வைத்து அளப்பது?

ஆய்வுத் தரவுக்கென்று 2016-இல் வெளியான ‘ஃபேர்’ நெறிகள் நான்கைக் கேட்கின்றன: தேடினால் அகப்பட வேண்டும், எடுக்க முடிய வேண்டும், பிற தரவுகளோடு பொருந்த வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும். மென்பொருளுக்கென்று இவற்றைத் திருத்தி 2022-இல் தனியாக வெளியிட்டார்கள். நான் இவற்றை நம் கரைக்கு ஏற்றபடி ஐந்து கேள்விகளாகக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, இதே நீரில் நாளை நிற்கப்போகிற ஒருவர் தேடினால் இது கண்ணில் படுமா? இரண்டாவது, நீங்கள் வேலை மாறி, ஊர் மாறி, மின்னஞ்சலும் மாறிய பின்னும் இருக்குமா? மூன்றாவது, எடுத்தவர் உங்களைக் கேட்காமலே புரிந்துகொண்டு பயன்படுத்த முடியுமா, அதற்கு உரிமம் தந்திருக்கிறீர்களா? நான்காவது, மறைக்க வேண்டியதை மறைக்க இடமிருக்கிறதா? கடைசியாக, உங்கள் நேரமும் பணமும் எவ்வளவு போகும்? இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வோர் இடமும் தரும் விடை கீழே அட்டவணையில்; அதில் வரும் பெயர்களைப் பிறகு ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

| வைக்கும் இடம் | அகப்படுமா | நிலைக்குமா | மறுபயன்பாடு | மறைக்க வசதி | செலவு |
|---|---|---|---|---|---|
| சொந்தக் கணினி, கூகுள் டிரைவ் | இல்லை | இல்லை | உங்களைக் கேட்டால்தான் | முழுமையாக | இப்போது இல்லை, பிறகு அதிகம் |
| நிறுவனக் களஞ்சியம், சோத்கங்கா | நம் நாட்டு ஆய்வாளருக்கு நன்றாக | ஆம் | பெரும்பாலும் பிடிஎஃப். கடினம் | ஓரளவு | ஒப்புதலுக்கான காத்திருப்பு |
| கட்டுரையின் துணைக்கோப்பு | கட்டுரையைக் கண்டவருக்கு மட்டும் | இதழைப் பொறுத்தது | குறைவு | இல்லை | குறைவு |
| ஸெனோடோ | ஆம், விவரம் நன்றாக எழுதினால் | ஆம் | நீங்கள் தயார்செய்த அளவுக்கு | உண்டு | பணமில்லை. ஒரு நாள் வேலை |
| ஓபிஸ், ஜிபிஃப் | மிக நன்றாக | ஆம் | மிக நன்றாக | நீங்களே பொதுமைப்படுத்த வேண்டும் | பணமில்லை; பல நாள் வேலை |
| கிட்ஹப் (நிரலுக்கு) | நிரலாளருக்கு | உறுதியில்லை | உரிமம் இருந்தால் நன்றாக | உண்டு | குறைவு |

## சொந்தக் கணினியும் கூகுள் டிரைவும்

களப்பணி நடந்துகொண்டிருக்கும்வரை இதுதான் சரியான இடம். தினமும் மாறும் கோப்பை வெளியில் வைப்பதில் பொருளில்லை. ஆனால் இரண்டு பிரதி வேண்டும், ஒன்று கரையில் இருக்கக் கூடாது. உப்புக்காற்று ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்யும் என்பது மண்டபத்தில் ஓராண்டு தங்கிய எவருக்கும் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு, பட்டம் வாங்கிய மறுமாதம் வருகிறது. பல்கலைக்கழகம் கொடுத்த கணக்கு மூடப்படும். அதில் பகிர்ந்த இணைப்புகளும் அதோடு சாகும். கட்டுரையில் டிரைவ் இணைப்பை அச்சிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

## நிறுவனக் களஞ்சியமும் சோத்கங்காவும்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கப்பட்டு, 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது; பிறகு கொச்சிக்குப் போனது. அதன் மின்களஞ்சியத்தில் நம் கரை பற்றிய பழைய கட்டுரைகளும் அறிக்கைகளும் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. மண்டபம், பாம்பன் என்று தேடும் எவரும் முதலில் தட்டும் கதவு அதுதான். ஆய்வேடுகளுக்கு காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் நடத்தும் சோத்கங்கா இருக்கிறது. ஆய்வேட்டை அங்கே ஏற்றுவது பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி கட்டாயம் என்பதால் அதில் தேர்வுக்கே இடமில்லை.

சிக்கல் வடிவத்தில் இருக்கிறது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் 40 பக்கம் அட்டவணை இருந்தாலும் அது பிடிஎஃப்பில் சிறைப்பட்ட எண்கள்தான். எடுக்க நினைப்பவர் ஒவ்வோர் எண்ணாகத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே அறிக்கையையும் ஆய்வேட்டையும் இங்கே வையுங்கள், எண்களை வேறிடத்தில் வைத்து, அதன் அடையாள எண்ணை ஆய்வேட்டில் குறிப்பிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: தரவு உங்களுடையதுதானா? வழிகாட்டி, நிறுவனம், நிதி கொடுத்தவர் ஆகிய மூவரும் உரிமை கோரலாம். தீவுப் பக்கம் போக வனத்துறை தந்த அனுமதிக் கடிதத்தை மறுபடி எடுத்து, நிபந்தனைகளைப் படியுங்கள். வெளியிட்ட பிறகு கேட்பதைவிட வெளியிடும் முன் ஒரு கடிதம் எழுதிவிடுவது நல்லது.

## கட்டுரையின் துணைக்கோப்பு

இதழ் கேட்டால் கொடுங்கள். அது ஒன்றே போதும் என்று விட்டுவிடாதீர்கள். கட்டுரையைத் தேடி வருபவருக்குத்தான் அது தெரியும். தரவைத் தேடி வருபவர் வேறு வழியாக வருகிறார்.

## ஸெனோடோ

ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் 2013 முதல் நடத்திவரும் பொதுக் களஞ்சியம் இது. எந்தத் துறை, எந்த நாடு என்று கேட்பதில்லை, பணமும் வாங்குவதில்லை. ஒரு பதிவில் 50 ஜிகாபைட்வரை வைக்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் டிஓஐ எண் கிடைக்கும். இணையதள முகவரி மாறினாலும் அந்த எண் வழியாகத் தரவைத் தேடிப் போகலாம். கட்டுரையில் மேற்கோள் காட்டலாம். திருத்திய கோப்பை ஏற்றினால் புதிய பதிப்புக்குத் தனி எண்ணும், எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான ஓர் எண்ணும் கிடைக்கும். "யாராவது எனக்கு முன்னால் எழுதிவிடுவார்களோ" என்று அஞ்சுபவர்கள், விவரக் குறிப்பை மட்டும் இப்போது வெளியிட்டு, கோப்பை ஓராண்டு கழித்துத் திறக்கும்படி தேதி குறித்துவிடலாம். அந்த அச்சம் நியாயமானது; ஓராண்டுக்கு மேல் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எளிமைக்கு ஒரு விலை உண்டு. நீங்கள் ஏற்றுவதை இங்கே யாரும் சரிபார்ப்பதில்லை. "இறுதி_புதியது_2" என்று ஒரு எக்செல் கோப்பைப் போட்டு, ஒருவரி விளக்கம் எழுதினாலும் டிஓஐ தந்துவிடும். அப்படிப்பட்ட தரவு இருந்தும் இல்லாததுதான். அகப்படுவது என்பது பெரும்பாலும் விவரக் குறிப்பின் வேலை. அதில் மூன்றை வற்புறுத்துகிறேன்.

இடப்பெயரை எல்லா வடிவிலும் எழுதுங்கள். குருசடை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக அச்சாகியிருக்கிறது. தேடுபவர் எந்த வடிவத்தைத் தட்டுவார் என்று உங்களுக்குத் தெரியாது. தமிழிலும் எழுதுங்கள். குறிப்பைத் தமிழில் ஒரு பத்தி எழுதினால், கணக்கெடுக்கப் படகு தந்த ஊராரும் என்ன செய்தோம் என்று படிக்க முடியும்.

ஆள்கூற்றை (இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை) தசம பாகையில் எழுதுங்கள். 9 பாகை 15 நிமிடம் என்பது 9.25. அவசரத்தில் அதை 9.15 என்று எழுதிவிட்டால் உங்கள் பாறை 11 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து நடுக்கடலுக்குப் போய்விடும். இந்தப் பிழையை நான் பார்த்த அளவுக்கு வேறெதையும் பார்த்ததில்லை.

கோப்பை சிஎஸ்வி வடிவில் (எந்த மென்பொருளும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு), தமிழைக் காக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். எக்செலில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் ஏதாவது இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

உரிமத்துக்கு, பெயர் குறிப்பிட்டால் போதும் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் பரிந்துரைக்கிறேன். வணிகத்துக்குக் கூடாது என்ற நிபந்தனை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பாடநூல் பதிப்பாளரோ, பாசி வளர்ப்புக்கு ஆலோசனை சொல்லும் சிறு நிறுவனமோ பயன்படுத்தலாமா என்று தெரியாமல் ஒதுங்கிவிடுவார்கள்.

## ஓபிஸ், ஜிபிஃப்

எந்த உயிரினம், எங்கே, எப்போது இருந்தது என்பதுதான் உங்கள் கணக்கின் சாரம் என்றால் போக வேண்டிய இடம் இதுதான். ஓபிஸ் கடலுயிர்களுக்கானது, யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையிலான கடலியல் ஆணையத்தின் கீழ் இயங்குகிறது. அதன் இந்தியக் கிளையான இண்டோபிஸ், கொச்சியில் உள்ள கடல் வாழ் வளங்கள் மற்றும் சூழலியல் மையத்தில் இருக்கிறது. ஜிபிஃப் எல்லா உயிரினத்துக்கும் பொதுவானது. அதன் செயலகம் கோபன்ஹேகனில். ஒரே தொகுப்பை இரண்டிலும் காணச் செய்யலாம்.

இங்கே சேர்ந்த உங்கள் பதிவு தனியாக ஒரு மூலையில் கிடப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் பாக் நீரிணையின் கடற்புல்லைத் தேடினாலும், நார்வேயில் ஒருவர் உலகக் கடற்பாசிகளின் பரவலை வரைந்தாலும், உங்கள் பெயரே தெரியாமல் உங்கள் வரி அவர்கள் கையில் போய்ச் சேரும்.

அதற்கான உழைப்பு அதிகம். ‘டார்வின் கோர்’ என்ற பொது வரையறைப்படி நெடுவரிசைகளின் பெயரை மாற்ற வேண்டும். அறிவியல் பெயர் ஒவ்வொன்றையும் வோர்ம்ஸ் எனும் உலகக் கடலுயிரினப் பதிவேட்டில் பார்த்து அதன் எண்ணைச் சேர்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் வகைப்பாட்டில் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய பெயரையும் புதிய பெயரையும் கட்டிவைப்பது அந்த எண். முதல்முறை எனக்கு ஒரு வாரம் ஆனது, இரண்டாம் முறை ஒன்றரை நாள். தரையில் விழும் கடல் உயிரினப் புள்ளிகளை ஓபிஸே கண்டுபிடித்துக் குறியிட்டுக் காட்டும். நம் பிழையை நமக்குச் சொல்லும் களஞ்சியம் என்பதற்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

வட்டாரப் பெயருக்கும், ஊரார் சொன்னபடியே இடத்தை எழுதுவதற்கும் அந்த வரையறையில் தனித்தனி நெடுவரிசைகள் உண்டு. பலர் அவற்றை வெறுமையாக விடுகிறார்கள். நிரப்புங்கள். ‘ஜெலிடியெல்லா ஏசெரோசா’ என்பதற்குப் பக்கத்தில் மரிக்கொழுந்து என்று இருந்தால்தான், நாளை சின்னப்பாலத்துப் பெண் ஒருவர் சொல்லும் பழைய நினைவை இந்தக் கணக்கோடு ஒப்பிட முடியும். தேடிப் போய்க் காணாத மாதங்களையும் ‘இல்லை’ என்று பதியுங்கள். குறைந்துவருவதை வேறெப்படி அறிவது?

எடை, வெப்பநிலை, நேர்காணல், படங்கள் என்று பலவும் கலந்த தொகுப்பு என்றால் இது மட்டும் போதாது. உயிரினப் பதிவை இங்கும், மற்றவற்றை ஸெனோடோவிலும் வைத்து, ஒன்றில் மற்றொன்றின் எண்ணைக் குறிப்பிடுங்கள்.

பழைய முறையிலும் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைவூட்ட வேண்டும். 1927-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர விலங்கினங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. எது, எங்கே என்று எழுதி அச்சிட்டதால், ஏறக்குறைய 100 ஆண்டுக்குப் பிறகும் நாம் அதை எடுத்துப் பார்க்கிறோம். என் கையில் கிடைத்த குறுந்தகட்டுக்கு அந்த ஆயுள் இல்லை.

## வெளியே சொல்லக் கூடாத இடங்கள்

கடல் அட்டையும் கடற்குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அட்டைக் கடத்தல் நம் கரையில் எவ்வளவு நடக்கிறது என்பதைச் செய்தித்தாள் படிப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அட்டை நிறைந்த இடத்தை ஐந்து தசம இலக்கத்தில் வெளியிட்டால் நீங்கள் ஒரு மீட்டர் துல்லியத்தில் வழிகாட்டுகிறீர்கள். ஒரு தசம இலக்கத்தோடு நிறுத்தினால் அது சுமார் 11 கிலோமீட்டர் கட்டமாகிவிடும். பரவலை ஆராய்பவருக்கு அது போதும், மூழ்கித் திருடுபவருக்குப் போதாது. இப்படிப் பொதுமைப்படுத்தியதை டார்வின் கோரில் அதற்கான நெடுவரிசையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். துல்லியமான கோப்பை ஸெனோடோவில் அனுமதி பெற்றுத் திறக்கும் பதிவாக வைக்கலாம்.

மீனவர் நம்பிச் சொன்ன பார்களும் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டுகள்) இதே வகைதான். ஒரு குடும்பம் தலைமுறையாக விளமீன் பிடிக்கும் பாரை உங்கள் ஜிபிஎஸ் கருவி குறித்துக்கொண்டது என்பதாலேயே அது உங்களுடையதாகிவிடாது. அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பெயர், கைப்பேசி எண், படகு எண் எதுவும் பொதுக் கோப்பில் இருக்கவே கூடாது.

## நிரலுக்கு எது?

ராமநாதபுரத்துத் தம்பிக்கு என் பதில்: கிட்ஹப்பில் வையுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். கிட்ஹப் வேலை செய்யும் பட்டறை. அங்கே பிறர் பிழை சொல்லலாம், திருத்தி அனுப்பலாம். ஆனால் உங்கள் கணக்கை நீங்கள் அழித்தால் எல்லாம் போய்விடும். நிறுவனங்களும் மனம் மாறும். கூகுள் கோட் என்று ஓர் இடம் இருந்தது. 2016-இல் அதை மூடினார்கள்.

இரண்டு வழியால் இதைச் சரிக்கட்டலாம். கிட்ஹப் கணக்கை ஸெனோடோவோடு இணைத்துவிட்டால், நீங்கள் பதிப்பு எண் கொடுத்து வெளியிடும் ஒவ்வொரு முறையும் அந்த நிலை அப்படியே ஸெனோடோவில் சேமிக்கப்பட்டு டிஓஐ கிடைக்கும். இன்னொன்று, பிரான்சின் இன்ரியா நிறுவனம் 2016-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ். உங்கள் களஞ்சிய முகவரியை அங்கே கொடுத்தால் முழு வரலாற்றோடும் பிரதி எடுத்து வைக்கும். மேற்கோளுக்கு ஸெனோடோவும் நீண்ட காலப் பாதுகாப்புக்கு ஹெரிடேஜும் என்று நான் இரண்டையும் செய்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து அரைமணி நேரம் ஆகாது.

நேரம் வேறு இடத்தில் போகிறது. உரிமம் இல்லாத நிரல் கண்ணில் படுமே தவிர, சட்டப்படி யாரும் எடுக்க முடியாது. எம்ஐடி அல்லது ஜிபிஎல் என்னும் திறமூல உரிமக் கோப்பு ஒன்றைச் சேருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் நிரலுக்குப் பொருந்தாது. "டி டிரைவில் ஆய்வு கோப்புறை" என்று உங்கள் கணினியின் பாதையை நிரலுக்குள் எழுதியிருந்தால் நீக்குங்கள். எந்த நிரல் நூலகத்தின் (லைப்ரரி) எந்தப் பதிப்பு வேண்டும் என்று எழுதுங்கள். மாதிரிக்குப் பத்துப் படமும், அவற்றுக்கு வர வேண்டிய விடையும் வையுங்கள். இயக்கிப் பார்ப்பவருக்கு அதைவிட நம்பிக்கை தருவது வேறில்லை. எப்படி மேற்கோள் காட்ட வேண்டும் என்பதற்குச் சைட்டேஷன் கோப்பு ஒன்று வைத்தால் கிட்ஹப் அதைப் பக்கத்திலேயே காட்டும்.

## மூவரும் என்ன செய்தார்கள்?

மாணவி தன் பாசிப் பதிவுகளை இண்டோபிஸுக்கு அனுப்பத் தயார்செய்து வருகிறார். எடைக் கணக்கும் மாதவாரி நீர் வெப்பநிலையும் ஸெனோடோவில் ஏறிவிட்டன; கட்டுரை வரும்வரை ஓராண்டு பூட்டு. பாசி எடுக்கும் பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை வெளியிட வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். அது சரியான முடிவு.

தம்பி உரிமம் சேர்த்துவிட்டார். மாதிரிப் படங்கள் யாருடையவை என்ற கேள்வியில் நிற்கிறார், ஏனென்றால் அவற்றை எடுத்தவர் வேறொருவர். எழுதிக் கேட்டிருக்கிறார்.

ஆமைப் பதிவாளர்களுக்குத்தான் சற்றுக் கடினம். அவர்கள் நோட்டில் இறந்து ஒதுங்கிய ஆமைகளோடு முட்டையிட்ட இடங்களும் இருக்கின்றன. முன்னதைத் துல்லியமாகவே வெளியிடலாம், பின்னதைக் கூடாது. தகவல் சொன்னவர்களின் கைப்பேசி எண்களும் பக்க ஓரங்களில் இருக்கின்றன. வனத்துறைக்குக் கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதுவரை நோட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள். இடம் என்ற நெடுவரிசையில் வரிசை எண் போடாமல் ஊர்ப் பெயரையே எழுதும்படி சொல்லியிருக்கிறேன்.